பத்து நிமிஷத்தில் வீடு

பல்கலைக்கழகத்துக்குள் வண்டி வாகனத்துக்குத் தடை போட்டு, துணைவேந்தர் முதற்கொண்டு எல்லாருக்கும் நடராஜா சர்வீஸ்தான் என்று ஆகிவிட்ட வருஷம் அது. மர நிழலில் புதுப் பாதை போட்டார்கள். யார் எவ்வளவு நடக்கிறார்கள் என்று பார்க்க, ஊழியர்கள் கையில் அடி எண்ணும் பட்டையை ஆளுக்கொன்று கட்டிவிட்டார்கள். மாதக் கடைசியில் முதலிடம் யாருக்கு என்று பார்த்தால், பதிவாளர் அலுவலகத்தில் கோப்பு தூக்கும் பியூனுக்கு! அவசரமே அறியாத நடை. அதனாலேயே ஆளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டப்பெயர். தினமும் இருபத்தாறாயிரம் அடியாம்.

நம்புவார்களா? பட்டையை மின்விசிறியில் கட்டிச் சுற்றவிட்டிருப்பார் என்றார் ஒருத்தர். நாய் கழுத்தில் மாட்டியிருப்பார் என்றார் இன்னொருத்தர். வாய்க்கு வந்ததைப் பேச ஆளா இல்லை? பேச்சு பதிவாளர் காதுக்குப் போய், விளக்கம் கேட்டுக் கடிதமே வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் கெட்ட பெயர் எடுக்காத மனுஷன். ஓய்வுக்கு ஏழே மாதம். ஏமாற்று வேலை என்று எழுதிவிட்டால் அந்தக் கறையோடுதான் வெளியே போக வேண்டும். எக்ஸ்பிரஸோ கடிதத்தை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த கோப்பைத் தூக்கினார். கோபம்கூட வரவில்லை. கொஞ்ச நாளாகவே மனசு மரத்துப்போய்க் கிடந்தது.

விசாரிக்க வந்தது, இந்தத் திட்டத்தையே போட்ட கட்டடக்கலைப் பேராசிரியை. ஒரு சாயங்காலம் கூடவே நடந்து பார்த்துவிடலாம் என்று கிளம்பினார். பியூன் இருப்பது வளாகத்துக்குள்ளேயே, ஊழியர் குடியிருப்பில். வாசல் வரை போய், சாவியைக் கையில் எடுத்துவிட்டு, திரும்பி நடந்தார். நூலகத்தைச் சுற்றினார், திடலைச் சுற்றினார், மறுபடி நூலகம். ஏழாவது சுற்றில் பேராசிரியைக்குக் கால் கெஞ்சியது. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க ஏமாத்தலைன்னு கண்ணால பார்த்துட்டேன், அண்ணா. அப்படியே எழுதிடறேன். ஆனா பத்து நிமிஷத்துல வீடு. எல்லாருக்கும் இப்படி ஒண்ணு அமையணும்னுதான் நான் கிடந்து அல்லாடறேன். நீங்க ஏன் உள்ள போக மாட்டேங்கறீங்க?"

பியூன் நின்றபடியே சொன்னார். இரண்டு பஸ் மாறி அவர் படும் பாட்டைப் பார்த்து, இந்த வீட்டுக்கு மனு போடச் சொன்னதே மனைவிதான். பதினோரு வருஷம் நச்சரித்து, வருஷா வருஷம் எழுத வைத்தாள். ஒதுக்கீட்டு உத்தரவு வந்தபோது அவள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"பழைய வீடுன்னா, அவ உட்கார்ந்த இடம், படுத்த இடம்னு ஏதாவது இருக்கும், மேடம். இதுக்குள்ள அவ ஒரு அடிகூட எடுத்து வெச்சதில்ல."

எட்டாவது சுற்றுக்குத் திரும்பிய பியூன், ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார்.

"எழுதும்போது வீட்டைக் குறை சொல்லிடாதீங்க, மேடம். அவ ஆசைப்பட்டுக் கேட்டது."