அத்தானின் நாக்கு

எங்கள் சிப்ஸ் தொழிற்சாலையில் அத்தான் தலையாட்டாமல் ஒரு பாக்கெட்கூட வெளியே போகாது. ருசி பார்ப்பதுதான் அவர் வேலை. மசாலா டிரம்மிலிருந்து சூடாக ஒரு துண்டை எடுத்து வாயில் போடுவார், கண்ணை மூடுவார், "ம்" என்பார். அதற்குப் பிறகுதான் எங்கள் பாக்கிங் பிரிவில் பெல்ட் ஓடும். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்தே இந்த வேலைதான். போதாக்குறைக்கு, நொறுங்கிப்போன சிப்ஸை மூட்டையாக வீட்டுக்கும் தூக்கிவருவார்.

ரத்தக் கொதிப்பு எகிறியபோது டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "இப்படியே கொறிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா ஒருநாள் கை கால் இழுத்துக்கும்." அன்றே அக்கா மூட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். டீயோடு வறுத்த கடலையும் எள்ளுருண்டையும் வந்தன. ஒருநாள் கொள்ளுச் சுண்டல், அதிலும் உப்பு பேருக்குத்தான்.

"என்னடி இது, சப்புனு! நான் என்ன குதிரையா?"

"குதிரை நல்லாத்தானே ஓடுது? சாப்பிடுங்க."

முகத்தைச் சுளித்தவர் போகப்போகக் கிண்ணத்தை வழித்துவிட்டு இன்னும் கேட்டார். தொழிற்சாலையில் ருசி பார்த்துவிட்டுத் துப்பினார். கொதிப்பும் மெல்ல இறங்கியது. அங்கேதான் வந்தது வினை.

ஒரு காலையில் "உப்பு அதிகம்" என்று பெல்ட்டை நிறுத்தினார். மறுநாளும் நிறுத்தினார். பரிசோதித்துப் பார்த்தால் உப்பு வழக்கமான அளவுதான். மேலாளர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நாக்கைச் சரி பண்ணிட்டு வாங்க. திங்கக்கிழமையும் இதே கதைன்னா கிடங்குக்குப் போயிடுங்க."

கிடங்கு என்றால் பெட்டி அடுக்குவது. அத்தானுக்கு அது செருப்படி. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் தன் உடம்பைப் பார்த்துக்கொண்டது ஒரு குற்றமா?

சனிக்கிழமை கை நிறைய பாக்கெட்டுகளோடு வீட்டுக்கு வந்தார். பழைய நாக்கு திரும்ப வேண்டுமாம். அக்கா தடுக்கவில்லை, சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் பிடியை எப்படியோ தின்றார். இரண்டாவது பிடி தொண்டையில் இறங்கவில்லை, குழாயடிக்கு ஓடினார்.

"சும்மா தலையாட்டிட்டுப் போங்களேன் அத்தான். யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"போடா. இப்ப எல்லாமே எனக்குக் கரிக்குது. நிஜமாவே உப்பு கூடிப்போனாலும் இனிமே எனக்குத் தெரியாதேடா. அப்புறம் நான் எதுக்கு அங்க?"

திங்கட்கிழமை மேலாளர் முன்னால் ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார். "அதிகம் சார்" என்றார். ருசி பார்ப்பவருக்கான வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

சாயங்காலம் நானும் அவரோடு வீட்டுக்குப் போனேன். "கிடங்குக்கு மாத்திட்டாங்க" என்றார், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

"அப்பாடா!" என்றாள் அக்கா.

அத்தானுக்குச் சுருக்கென்றது. "நான் அசிங்கப்பட்டு வந்து நிக்கிறேன், உனக்கு அவ்வளவு சந்தோஷமா?"

அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "துப்பினாலும் கொஞ்சமாச்சும் உள்ள போகுமே, உள்ள போகுமேன்னு தினமும் செத்துக்கிட்டு இருந்தேங்க. எந்த வேலையா இருந்தா என்ன? நீங்க முழுசா வீடு வந்து சேர்ந்தா போதும்."