வேண்டா நடித்த மாமியார்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களின் வெள்ளிக்கிழமைகளில், எங்கள் கல்லூரிக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் சபையில் மதியம் ஒரு மணி நேரம் உபவாச ஜெபம் நடக்கும். துப்புரவு வேலையில் இருக்கிறவளுக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கே கிடைக்கும்? ஒரு வருஷம் சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்த்தேன். "ஜெபத்த வூட்ல பண்ணும்மா" என்று சொல்லிவிட்டார். என்னோடு வேலை பார்க்கும் வேண்டா பக்கத்தில் துடைப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு, "போயிட்டு வா" என்றாள். அவ்வளவுதான். ஆறு வெள்ளிக்கிழமையும் தன் மாடியோடு என் மாடியையும் அவளே துடைத்தாள். சூப்பர்வைசர் கேட்டபோதெல்லாம், "சாராளு மேல கீது சார்" என்று சொல்லியிருக்கிறாள். இது ஈஸ்டர் முடிந்த பிறகு வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். எனக்காகச் சொன்ன பொய்க்கு நான்தான் மன்னிப்புக் கேட்டு ஜெபித்தேன்.

வேண்டாவுக்குச் சட்ராஸ் என்கிற சதுரங்கப்பட்டினம், கோட்டைக்குப் பின்பக்கத் தெரு. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால், இனிமேல் போதும் என்று சாமிக்குத் தெரியப்படுத்த அந்தப் பேரை வைத்தார்களாம். ஐந்தாவதும் பெண்தான் பிறந்தது. அதற்கு நல்ல பேராக வைத்துவிட்டார்கள்.

நான் புதுப்பட்டினம். கல்லூரி இருக்கும் செங்கல்பட்டுக்குக் காலையில் இரண்டு பேருக்கும் ஒரே பஸ். திருக்கழுக்குன்றம் வருகிற வரைக்கும் முதல் நாள் பார்த்த சீரியல் கதையைச் சொல்லுவாள். என் வீட்டில் சீரியல் பார்ப்பதில்லை. ஆனாலும் எந்த மருமகள் எந்த மாமியாரிடம் என்ன பாடு படுகிறாள் என்பது எனக்கு அத்துப்படி. இத்தனை கொடுமையைத் தினமும் பார்க்கிறவள், ஈரத் தரையில் செருப்போடு நடக்கிற பிள்ளைகளைக்கூட, "வழுக்கும் கண்ணு, பாத்துப் போ" என்பாளே தவிர, ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

புருஷன் இல்லை. ஒரே பையன் ஷ்யாம், சிறுசேரிக் கம்பெனிகளுக்குக் கார் ஓட்டுகிறான். முப்பத்தொரு வயது. இரண்டு இடம் பார்த்து இரண்டும் தட்டிப்போயின. "மாமியாக்காரி ஒண்டிக்கட்ட. புள்ளைய முந்தானையில முடிஞ்சு வெச்சிருப்பா" என்று பெண் வீட்டார் பயந்தார்கள். மூன்றாவதாகத்தான் புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் செங்கம்மாளின் மகள் ஸ்ரீதேவி அமைந்தாள். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிற பெண். தை பிறந்ததும் பூ வைப்பதாகப் பேச்சு.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா எம் புள்ளைக்கு நானே சத்ருனு ஆயிடும் சாராளு" என்று பஸ்ஸில் ஒரு நாள் சொன்னாள். அன்றைக்கு அவள் சீரியல் கதை சொல்லவில்லை.

அந்தக் கார்த்திகையில்தான் ஒரு டிவி சேனல், 'அலைவாசல் மருமகள்' என்று புதிதாக வரப்போகும் சீரியலுக்கு டிரெய்லர் செய்து அனுப்பும்படி கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டது. எது நன்றாக இருக்கிறதோ அதையே டிவியில் போடுவார்களாம். கதை என்று ஒரு பக்கம் கொடுத்திருந்தார்கள்: கடற்கரைப் பெண், சாஃப்ட்வேர்க்காரர் வீட்டுக்கு மருமகளாகப் போகிறாள். எங்கள் கல்லூரி விஸ்காம் பிள்ளைகளில் அதிதி என்ற பெண் தலைமை, ஹர்ஷவர்தன் கேமரா. அவர்கள் உட்கார்ந்து திட்டம் போட்ட அறை வேண்டா துடைக்கும் மாடியில் இருந்தது.

"ஃபர்ஸ்ட் ஷாட் ட்ரோன். சட்ராஸ் கோட்டை மேலேர்ந்து அப்படியே கடலுக்குப் போறோம்" என்றான் ஹர்ஷவர்தன்.

"பத்து செகண்ட் சத்தமே இருக்கக் கூடாது. வெறும் காத்து" என்றாள் அதிதி.

மேசைக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்த வேண்டா தலையை வெளியே நீட்டினாள். "அங்க அத பறக்கவுட்டா போலீஸ் வந்துடும் கண்ணு. பக்கத்துல அணு ஒல கீது. எங்க தெருவுல ஒரு கல்யாண வீடியோகாரன் பறக்கவுட்டு, சாயங்காலம் வரிக்கும் ஸ்டேஷன்ல குந்தினு இருந்தான். மாலையும் கழுத்துமா மாப்ளையும் கூடவே."

"ஆன்ட்டி, நீங்க சட்ராஸா?"

"ஆமா. அது கெடக்கட்டும். மாமியா எப்ப வரும்?"

"மாமியாரே இல்ல ஆன்ட்டி. இது அந்தப் பொண்ணோட மனசப் பத்தின கதை."

"மாமியா இல்லாத சீரியலா? அத யாரு குந்தினு பாப்பா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் வேண்டா சிரிக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பாடம் மாதிரியே சொன்னாள். "மருமவ வெளக்கேத்தப் போவா. மாமியா கை ஓங்குவா. கை கன்னத்துக்கு வர்ற நேரத்துல இன்னொரு கை வந்து புடிக்கணும். யாரு கைன்னு காட்டக்கூடாது. அத்தோட நிறுத்திடணும். அப்பதான் ஜனம் திங்கக்கெழம டிவி முன்னாடி வந்து குந்தும்."

"அதிதி, மூணு செமஸ்டர்ல ஒருத்தரும் இத நமக்குச் சொல்லலையே" என்றான் ஹர்ஷவர்தன்.

அன்றிலிருந்து வேண்டா துடைக்கப் போனால் அந்த அறை முடிய ஒரு மணி நேரமானது. டிரெய்லரைப் படக்கதை மாதிரிப் பன்னிரண்டு கட்டமாக வரைந்து சுவரில் ஒட்டினார்கள். "இந்தக் கட்டத்துல மருமவ அழுவக் கூடாது. கண்ணுல தண்ணி நிக்கணும், கீழ வுழக் கூடாது" என்று வேண்டா திருத்துவாள். அவர்களும் அழித்து வரைவார்கள்.

மாமியாராக யார் நடிப்பது என்ற பேச்சு வந்தபோது, எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். வேண்டா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இது ரிகர்சல்தான் ஆன்ட்டி. டிவிக்கு வேற ஆர்ட்டிஸ்ட் வருவாங்க. எங்களுக்கு அளவு பார்க்கணும், அவ்வளவுதான்" என்றாள் அதிதி.

"ரிகர்சல்தானே?" என்று மூன்று முறை கேட்டுக்கொண்டுதான் சம்மதித்தாள். இடம் தேட வேண்டியதில்லை என்று தன் வீட்டையே கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் போனேன். வெயிலைத் திருப்பிவிட என் கையில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைக் கொடுத்தார்கள். அதிதி புடவை கட்டி, கழுத்தில் கவரிங் செயின் போட்டு வந்திருந்தாள். வேண்டா அதைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"புதுசா வந்த மருமவளுக்கு மஞ்ச கயிறு கூட மங்கியிருக்கக் கூடாது. கவரிங்க பாத்தா ஜனம் சிரிக்கும்." உள்ளே போய் நூலை முறுக்கி, மஞ்சள் பூசி, நடுவில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கொண்டுவந்தாள். "நீயே கட்டிக்கோ கண்ணு. வேற யாரும் கட்டக் கூடாது. கல்யாணம் ஆவாத பொண்ணு, பாவம் வந்துடும்." பிறகு சாமி படத்துக்குத் துணி போட்டு மூடினாள். என்னைப் பார்த்து, "உங்க சாமிகிட்டயும் சும்மா நடிப்புதான்னு சொல்லிடு" என்றாள். நானும் மனதுக்குள் சொன்னேன்.

முதல் தடவை வேண்டா கை ஓங்கி, "வெளிய போ கண்ணு" என்றாள்.

"ஆன்ட்டி, கண்ணு வேணாம்" என்றான் ஹர்ஷவர்தன், ஜன்னலுக்கு உள்ளே கேமராவோடு உட்கார்ந்தபடி.

இரண்டாவது தடவை சிரித்துவிட்டாள். மூன்றாவது தடவை, இத்தனை வருஷம் பார்த்த மாமியார்கள் எல்லாரும் அவளுக்குள் எழுந்து வந்தார்கள் போலிருக்கிறது. "எம் புள்ளைய மயக்கி தாலி வாங்கிகினா நீ இந்த வூட்டு மருமவளா ஆயிடுவியா? போடி வெளிய!" என்று வாசலில் நின்று ஒரு கத்துக் கத்தினாள். நான் தெர்மாகோலைக் கீழே போட்டுவிட்டேன். அதிதியின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது, கீழே விழவில்லை.

எதிர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து யாரோ அதைப் போனில் பிடித்து, ராத்திரியே ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் ஜன்னலுக்குள் இருந்த கேமராவும் தெரியாது, சுவரோரம் நின்ற நானும் தெரியமாட்டேன். வேண்டாவும், கையில் விளக்கோடு மஞ்சள் கயிறு மின்னுகிற ஒரு பெண்ணும் மட்டும்தான்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில், என்றைக்கும் இல்லாமல் மூன்று பேர் எழுந்து வேண்டாவுக்கு இடம் கொடுத்தார்கள். என்ன மரியாதை என்று எங்களுக்கு விளங்கவில்லை. பஸ் திருக்கழுக்குன்றம் சேர்வதற்குள் செங்கம்மாளிடமிருந்து போன் வந்தது. போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"இன்னாமா, உம் புள்ளைக்கு ஒருத்திய கட்டிவெச்சு தொரத்திட்டு, ரெண்டாந்தாரமா எம் பொண்ண கேக்கிறியா?"

"ஐயோ, அது நடிப்பும்மா!"

"மஞ்ச கயிறு பளபளன்னு கீது, நடிப்பாம்! கவரிங்கா இருந்தாகூட நம்புவேன்!"

போன் வைக்கப்பட்டது. கல்லூரிக்குப் போனதும் வேண்டா நேராக அந்த அறைக்குள் போய், சுவரில் இருந்த பன்னிரண்டு கட்டத்தையும் கிழித்துக் குப்பையில் போட்டாள். நிஜமான கோபத்தில் அவள் செய்து நான் பார்த்த ஒரே காரியம் அதுதான்.

அதிதி பதறிப்போனாள். "கவலைப்படாதீங்க ஆன்ட்டி. டிரெய்லர் முடிஞ்சதும் அவங்ககிட்ட காட்டிடலாம். பார்த்தா புரிஞ்சிடும்." வேண்டாவும் அதை நம்பி ஒரு வாரம் பொறுத்தாள். ஷ்யாம் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. வந்தான், சாப்பிட்டான், படுத்தான். "கேட்டாலாவது தேவலாம் சாராளு" என்றாள்.

ஆனால் துறைப் பேராசிரியர் திட்டத்தைக் கேட்டுவிட்டு, மாமியார் எல்லாம் பழைய பாணி, எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய் அலையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நாற்பது நொடி. அலை, காலடித் தடம், ஒரு அகல் விளக்கு. அதில் வேண்டா இல்லை. மாமியார் என்ற இனமே இல்லை. சரி, ரிகர்சல் எடுத்ததையாவது கொடு என்றால், அலைக்கு மெமரி கார்டில் இடம் போதவில்லை என்று ஹர்ஷவர்தன் அதை அழித்துவிட்டிருந்தான். கட்டம் போட்ட தாளைக் கேட்டால், அதைக் கிழித்தது இவளே.

வேறு வழியில்லாமல் சனிக்கிழமை வேண்டா, அதிதி, நான் மூவரும் புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் போனோம். செங்கம்மாள் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஸ்ரீதேவி அம்மாவுக்குச் சாப்பாட்டுக் கூடை கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள்.

"ஆன்ட்டி, எனக்குக் கல்யாணமே ஆகல. நான் காலேஜ் படிக்கிறேன்" என்றாள் அதிதி.

"அன்னிக்கு கண்ணு கலங்கினது யாரு?"

"அது நடிச்சேன்."

"இப்ப?"

அதிதி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கர்த்தருக்குப் பயந்தவம்மா. அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன். தெர்மாகோல் புடிச்சிகினு" என்றேன்.

"எதுக்கு? அடி வுழுந்தா தடுக்கவா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். செங்கம்மாள் கத்தியை வைத்தாள். "இங்க பாரும்மா. பொண்ணு கேக்க வரும்போது எல்லா மாமியாளும் நல்லவளாத்தான் நடிக்கிறா. அது எனக்கு வாணாம். அது நடிப்புதான்னா, கெட்டவளா இங்கியே நடிச்சுக் காட்டு. பாக்கறேன்."

வேண்டா அதிதியின் முன்னால் போய் நின்றாள். கை தூக்கினாள். "வெளிய..." என்றாள். அதற்கு மேல், "போ கண்ணு" என்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். மறுபடியும் அதே 'கண்ணு'தான் வந்தது. நடிக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு நடந்தது நிஜம் என்று ஆகிவிடும். அவள் நல்லவளாக இருப்பதே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது கூடையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. ஸ்ரீதேவி துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, அதிதியைத் தள்ளிவிட்டு, வேண்டாவின் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னா அத்த முறைக்கிற? வெளக்க நான்தான் ஏத்துவேன். உன்னால இன்னா பண்ண முடியும்?"

வேண்டா திகைத்தாள். பிறகு சட்டென்று நடிப்பைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி சொன்ன? எம் புள்ளைய மயக்கி தாலி வாங்கிகினா..." என்று ஆரம்பித்து, மார்க்கெட் முழுதும் திரும்பிப் பார்க்க, கை ஓங்கினாள். கை கன்னத்துக்கு வருகிற நேரத்தில் இன்னொரு கை குறுக்கே வந்து அதை இறுக்கிப் பிடித்தது. அது செங்கம்மாளின் கை, மீன் செதிலோடு.

"அப்டித்தான்! இங்கதான் நிறுத்தணும் கண்ணு!" என்று வேண்டா அதிதியைப் பார்த்துக் கூவினாள்.

செங்கம்மாள் தான் பிடித்த கையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். நடித்துக் காட்டச் சொன்னதே தான்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நல்லா பேஜாரு குடும்பம் போ" என்றாள். "பூ வைக்க எப்ப வரீங்க?"

மாசியில் கல்யாணம் நடந்தது. அலை டிரெய்லரைச் சேனல்காரர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களே ஒன்று செய்து போட்டார்கள். அதில் மருமகள் விளக்கேற்றப் போகிறாள், மாமியார் கை ஓங்குகிறாள், வாட்ச் கட்டிய ஒரு கை வந்து பிடிக்கிறது. மறுநாள் பஸ்ஸில் வேண்டா பெருமை பேசவில்லை. "பாவம், பசங்க சமுத்திரத்த நல்லாத்தான் எடுத்திருந்தாங்க" என்றாள்.

ஸ்ரீதேவிக்குத்தான் அந்த ருசி விடவில்லை. தினமும் சாயங்காலம் மாமியாரை நிற்கவைத்துத் தன்னைத் திட்டச் சொல்லி, போனில் பிடித்து நாலு பேருக்கு அனுப்ப ஆரம்பித்தாள். திட்டு சரியாக வராத நாளில் மறுபடியும் முதலிலிருந்து. சிநேகிதிகள் எல்லாம், இந்த மாமியாரிடம் எப்படிக் குப்பை கொட்டுகிறாய் என்று கேட்கிறார்களாம். திட்டு முடிந்த கையோடு ஸ்ரீதேவி மாமியாருக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பதை யாரும் படம் பிடிப்பதில்லை.

ஷ்யாமுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் நிரந்தர டிரைவர் வேலை கிடைத்தது. குடும்பமாகக் கிளம்ப ஏற்பாடானது. வேலையை விட்ட அன்று சாயங்காலம் கல்லூரி வாசல் நிறுத்தத்தில் நானும் வேண்டாவும் நின்றோம். எனக்கு அன்று கூடுதல் வேலை, அவளோடு பஸ் ஏற முடியவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. இருபது வருஷப் பழக்கம், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, போகிற இடத்தில் ஆண்டவர் உன்னை நன்றாக வைக்கட்டும் என்றேன். அவள் பஸ் வருகிற பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அழுவாத சாராளு. தோ, பஸ்ஸு வந்துட்ச்சு. வூட்ல மருமவ மூஞ்சி கழுவி பவுடர் போட்டுகினு காத்துகினு கீது. நான் போயி அத திட்டணும்."