மோட்டார் படகுக்கு ஒரு சீட்டு

என் வீட்டில் ஏரிக்கு இரண்டு கட்சிகள் இருந்தன. மனைவி கரைக் கட்சி. மகள் தண்ணீர்க் கட்சி. தென் கல்கத்தாவில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்திலிருந்து அந்த ஏரி ஏழு நிமிட நடை. தொண்ணூறுகளின் பிற்பாதி அது. பகலில் எனக்குத் துறைமுக அலுவலகத்தில் கோப்புகள். மாலையில், கவிதை என்று நினைத்துக்கொண்டு ஏதாவது கிறுக்கல். இரண்டு கட்சிகளுக்கும் நடுவே கால் நனையாமல் நின்றுகொண்டிருந்தேன்.

மனைவி விடியற்காலையில் நாலைந்து வங்காளிப் பெண்களோடு ஏரியைச் சுற்றி நடப்பாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே செய்தி வாசிப்பாள். படித்துறைக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு முழம் மண் சரிந்துவிட்டது. நீர்க்கோழிக் கூடு ஒன்று அலையோடு போய்விட்டது. ஒருநாள், காற்றே இல்லாத ஒரு விடியலில், தெற்குக் கரையின் கடம்ப மரம் தண்ணீருக்குள் தலைகுப்புறக் கிடந்தது. மண்ணே இல்லாத அதன் வேர்கள் எதையோ கேட்டு நீட்டிய கைகள் போல இருந்தன என்று அவள் சொல்லவில்லை. நான்தான் அப்படி எழுதிக்கொண்டேன். அவள் சொன்னது வேறு.

"உங்க மகளைத் திட்டறதுக்குன்னே ஒருத்தர் மோட்டார் போட்ல பின்னாலேயே போறாரு. அந்தத் திட்டெல்லாம் கரையில வந்து மோதுது."

உண்மைதான். மகள் சேர்ந்திருந்த படகுக் குழுவின் பயிற்சியாளர், துடுப்புப் படகுகளுக்குப் பின்னால் ஒலிபெருக்கியோடு மோட்டார் படகில் போவார். குச்சி போன்ற அந்தத் துடுப்புப் படகுகள் தண்ணீரில் கீறல் மட்டும் போடும். மோட்டார் படகோ ஏரியையே தூக்கி இரண்டு கரையிலும் அறையும்.

மகளுக்குப் பதினான்கு வயது. கரண்டியோடு எழுந்து நின்றாள். "தூர், மா!" என்று வங்காளியில் சலித்துக்கொண்டாள். "நாங்க கவுந்தா யாரு வந்து தூக்குவா? உன் நீர்க்கோழியா?"

நடைப் பெண்கள் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார்கள். குழுவின் விதிகளைப் புதுப்பிப்பது என்று முடிவாயிற்று. பழைய விதிகள் எப்போதோ தட்டச்சிட்ட இரண்டு பக்கம். படகில் நாய் கூடாது, வெள்ளைக் காலுறை கட்டாயம் என்ற அளவில் இருந்தன. புதியதை எழுத என்னைப் பிடித்தார்கள். கல்கத்தாவில் தமிழனுக்கு அப்படி ஒரு பெயர். ஆங்கிலத்தில் ஓட்டையில்லாத டிராஃப்ட் வேண்டுமா, மதராஸியிடம் கொடு. கமிட்டியில் என்னையும் சேர்த்து ஒரு நாற்காலி போட்டார்கள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எழுதினேன். பயிற்சியாளர் இனிமேல் கரைச் சாலையில் சைக்கிளில் வர வேண்டும். கூடு கட்டும் மாதங்களில் கோரைப்புல் பக்கம் படகு போகக்கூடாது. புதியவர்களுக்கு மிதவைச் சட்டை. மோட்டார் படகை, கமிட்டி உறுப்பினர் ஒருவர் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் கிளப்பக்கூடாது. அந்தச் சீட்டுக்கு ஒரு படிவமும் செய்தேன்: தேதி, நேரம், காரணம், ஒப்பம். கிழிப்பதற்கு ஓரத்தில் துளைக் கோடு. என் எந்தக் கவிதைக்கும் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

"மோஷாய், இனிமே இந்த ஏரி மீன்கூட மூணு காப்பி எழுதிக் குடுத்துட்டுத்தான் நீந்தணும்" என்றார் பயிற்சியாளர். சிரித்துக்கொண்டே எல்லோரும் கை தூக்கினார்கள்.

பருத்த மனிதர் அவர். ஒரு கையில் ஒலிபெருக்கி, மறு கையில் ஹாண்டில்பார். நடப்பவர்கள் "தாதா, பிரேக், பிரேக்!" என்று கத்தியபடி புல்லுக்குள் ஒதுங்குவார்கள். இரண்டு மாதத்தில் கரையோரத்துக் கலங்கல் தெளிந்தது. நீர்க்கோழி ஒன்று குஞ்சுகளோடு வந்ததாக மனைவி சொன்னாள். அன்று எனக்குக் கேட்காமலே இரண்டாவது காபி வந்தது.

மோட்டார் படகை ஓட்டியவர் குழுவின் பழைய படகுக்காரர். சுந்தரவனப் பக்கத்து ஆள். மிதந்துபோன துடுப்பு ஒன்றை எடுத்துவர அவர் ஒரு காலை மோட்டாரைக் கிளப்பிவிட்டார். கூப்பிட்டு நிறுத்தினேன். சீட்டு எங்கே என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். "தப்புதான் தாதா" என்று தோளிலிருந்த கம்சாத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அலுவலகத்தில் ஒரு கோப்பை முடித்த நிறைவோடு வீட்டுக்கு நடந்தேன்.

சித்திரை வந்தது. கல்கத்தாவின் சித்திரை மாலைகளுக்குத் திடீரென்று கோபம் வரும், கால்பைசாகி என்பார்கள். வடமேற்கில் மை கொட்டியதுபோல் ஒரு கறுப்பு, பிறகு ஒரு மூச்சுக்கூடச் சுணங்காத காற்று. அன்று அலுவலகத்திலிருந்து நேராக ஏரிக்குப் போயிருந்தேன். படகுகள் ஒவ்வொன்றாகத் துறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. எதிர்க் கரையில் பயிற்சியாளர் சைக்கிளைப் போட்டுவிட்டு விசில் ஊதுவது சின்னதாகத் தெரிந்தது. மகளும் அவள் தோழியும் போன இருவர் படகு மட்டும் வரவில்லை. யாரோ கை நீட்டினார்கள். ஏரியின் நடுவில் கவிழ்ந்த படகின் வெளுத்த அடிவயிறு. அதன் பக்கத்தில் ஒரு தலை. இரண்டாவதைத் தேடுவதற்குள் மழை திரை போட்டுவிட்டது.

படகுக்காரர் மோட்டார் படகில் கயிற்றை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கை நீட்டினார்.

"சீட்டு, தாதா."

குத்தல் இல்லை அதில். நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் கேட்டார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? போ என்று ஒரு சொல் கத்தியிருக்க வேண்டும். நான் துறையோரத்துக் குழு அறைக்குள் ஓடினேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். படிவப் புத்தகத்தைத் திறந்தேன். தேதி எழுதினேன். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து நேரம் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் என் பேனா நின்றது. எந்தச் சொல் பொருத்தம் என்று யோசித்தது. ஒப்பமிட்டு, துளைக் கோட்டின் மேலேயே பிசிறில்லாமல் கிழித்துக்கொண்டு ஓடிவந்தேன். அவர் அதைப் பார்க்காமலே சட்டைப் பையில் திணித்தார். மோட்டார் உறுமியது.

இரண்டு பேரையும் கொண்டுவந்துவிட்டார். தோழி அழுதாள். மகள் அழவில்லை. உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

"ரெண்டு பேரும் படகை விடவே இல்லப்பா. மோட்டார் சத்தம் வரும் வரும்னு எண்ணிக்கிட்டே இருந்தோம். ஏன் லேட்டாச்சு?"

"மழைம்மா" என்றேன்.

படகுக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் திரும்பி நின்று துண்டைப் பிழிந்தார்.

அடுத்த ஞாயிறு கமிட்டி கூடியது. பழையபடி எல்லாப் பயிற்சிக்கும் மோட்டாரை விட்டுவிடலாம் என்றார் ஒருவர். வேண்டாம் என்றவர், நான் எதிர்பார்க்கவில்லை, பயிற்சியாளர். "சைக்கிள் பழகிப்போச்சு. பேன்ட் லூசாயிடுச்சு, பாருங்க." பிறகு நான் எழுந்தேன். கரையை விட்டுவிட வேண்டாம், சீட்டை எடுத்துவிடுவோம் என்றேன். தண்ணீரில் ஒரு படகு இருந்தாலும் மோட்டார் படகின் சாவி படகுக்காரரிடம் இருக்கட்டும். ஆபத்துக்கு எடுப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். வடமேற்கு கறுத்தால் எல்லாப் படகும் கரைக்கு.

"சீட்டால என்ன கெட்டுப்போச்சு?" என்று யாரோ கேட்டார்கள். சொன்னேன். உட்கார்ந்ததை, எழுதியதை, எல்லாம்.

பயிற்சியாளர் மெதுவாகக் கேட்டார். "கடிகாரம் பார்த்தா எழுதினீங்க?"

"பார்த்துத்தான்."

யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், துடுப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்த மகள் கதவருகே நிற்பதை.

வீட்டுக்குச் சேர்ந்தே நடந்தோம். பான் கடை, மிட்டாய்க் கடை, டிராம் தண்டவாளம். தண்டவாளத்தைத் தாண்டியதும் கேட்டாள்.

"நாங்க முந்நூறு வரைக்கும் எண்ணினோம். அதுல உன்னுது எவ்வளவுப்பா?"

"நூறு இருக்கும்."

அவள் தலையாட்டினாள். கணக்கு சரியாக வந்ததுபோல இருந்தது அந்தத் தலையாட்டல். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. வீட்டில் மனைவியிடம் நானே சொல்ல வேண்டியிருந்தது. "கரையைப் பாருங்கன்னுதான சொன்னேன்," என்று மட்டும் சொல்லி, அவள் மகளின் தலையைத் துவட்டப் போய்விட்டாள். ஈரமே இல்லாத தலை.

மறுநாள் காலை மகள் ஏரிக்குக் கிளம்பினாள். நானும் போனேன். படகுக்காரரின் கழுத்தில் சிவப்புக் கயிற்றில் சாவி தொங்கியது. அவரிடம் அவள் வங்காளியில் என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் என் பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். நான் என்னவென்று கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அவள் வேலைக்காகப் பெங்களூர் போய்விட்டாள். காலையில் மனைவியோடு நானும் நடக்கிறேன். படித்துறையைத் தாண்டும்போது என் வாய் தானாக ஒன்று, இரண்டு என்று தொடங்கும். நூறு முடியும் இடத்தில் கடம்ப மரம் விழுந்த பள்ளம். அங்கே கோரை வளர்ந்துவிட்டது. நூறு என்பது நடந்தால் நீளமாகத்தான் இருக்கிறது. முதல் தடவை மனைவி என்ன முணுமுணுக்கிறீர்கள் என்று கேட்டாள். இப்போதெல்லாம் கேட்பதில்லை, அந்தத் தூரம் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு நடக்கிறாள்.