ஆறுதலாக நடந்த நாரை

மன்னிப்பது பெரிய குணம் என்று சொல்கிறவர்கள் யாரும் ஒரு மீன்கொத்திக்காக ஏழு செவ்வாய்க்கிழமை மழையில் நனைந்து நின்றவர்கள் இல்லை. நான் நின்றேன். ஆகவே எனக்கு மன்னிக்க வராது. இதை வெட்கப்படாமல்தான் சொல்கிறேன்.

செவ்வாய் எனக்கு விடுமுறை. மற்ற நாட்களில் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கில் பிரேமை வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல வேண்டும். செவ்வாயில் பொய் கிடையாது. கமராவைத் தோளில் கொழுவி, பிளாஸ்க்கில் தேத்தண்ணீரும் பையில் இரண்டு ரோல்ஸும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஏரிக்கரைக்குப் போய்விடுவேன். லென்ஸ் இரண்டாம் கையில் வாங்கியது. எடுக்கிற நூறு படத்தில் தொண்ணூற்றைந்தில் பறவையின் பின்பக்கம்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் கரையில் நிற்கிற நாலு மணித்தியாலம் எனக்கு வயதும் இல்லை, முழங்கால் வலியும் இல்லை.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிவிட்டு, பார்த்ததை எழுதிப் படத்தோடு வலைப்பூவில் போடுவேன். புனைபெயரில்தான். சொந்தப் பெயரில் எழுதினால் மச்சாள்மார் வாசித்துவிட்டு, இவள் வீட்டில் சமைப்பதில்லையாக்கும் என்பார்கள். வாசிக்கிறவர்களைக் கைவிரல் விட்டு எண்ணலாம். அதைப் பற்றிக் கவலையே இல்லை. எழுதி முடித்த இரவு நன்றாக நித்திரை வரும், அது போதும்.

போன வருடம் ஒரு அண்ணை போன் எடுத்தார். எங்கள் பக்கத்தில் எந்த விழா நடந்தாலும் மண்டபம் பிடிப்பதிலிருந்து கதிரை அடுக்குவது வரை அவர்தான்.

"தங்கச்சி, ஒரு புத்தக வெளியீடு. லண்டன் பறவையளைப் பற்றி. எழுதினது தமிழ்நாட்டுத் தம்பி ஒராள், பாங்கில கம்ப்யூட்டர் வேலை. நீர்தானே கமராவும் கையுமாத் திரியிற ஆள். ஒரு பத்து நிமிசம் ஆய்வுரை செய்ய ஏலுமோ? மேடையில ஒரு பொம்பிளையும் இல்லை, அதுவும் ஒரு குறையாக் கிடக்கு."

"ஓம் அண்ணை, ஏலும்" என்றேன். உண்மையில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பறவைக்காக ஒருவரும் என்னை மேடைக்குக் கூப்பிட்டதில்லை.

புத்தகம் தபாலில் வந்தது. உறையைக் கிழித்தேன். அட்டையில் என் மீன்கொத்தி இருந்தது.

என்னுடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அது இருந்த கொப்பில் சிவப்புத் தங்கூசி, தூண்டில் நூல், ஒன்று சிக்கிக் கிடந்தது, யாரோ மீன் பிடிக்க வந்தவர் அறுத்துவிட்டுப் போனது. பறவையின் காலில் மாட்டிவிடும் என்று, படம் எடுத்து முடிந்ததும் நான்தான் சேற்றில் இறங்கி அதை அவிழ்த்து எடுத்தேன். அட்டையில் அந்தச் சிவப்பு நூல் அப்படியே இருந்தது. மூலையில் இருந்த என் புனைபெயரைத்தான் வெட்டியிருந்தான்.

உள்ளே பதினொரு கட்டுரை என்னுடையவை. திருடியது கூடப் பரவாயில்லை. திருத்தியிருந்தான். நான் வீட்டில் கதைக்கிற தமிழில் எழுதியதை, தன் ஊர் வாசகருக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருந்தான், விளங்காமலே.

சாம்பல் நாரையைப் பற்றி நான் இப்படி எழுதியிருந்தேன்: "நாரை தண்ணீருக்குள் ஆறுதலாக நடந்து வந்தது. அந்தரப்படவில்லை. நான் வடிவாகப் பார்த்தேன்." எங்களுக்கு ஆறுதலாக என்றால் மெதுவாக. அந்தரப்படுவதென்றால் பதறுவது. வடிவாகப் பார்ப்பதென்றால் நன்றாக, கவனமாகப் பார்ப்பது. அவன் புத்தகத்தில் அது இப்படி வந்திருந்தது: "நாரை தண்ணீருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே நடந்து வந்தது. அந்தரத்தில் பறக்கவில்லை. நான் அழகாகப் பார்த்தேன்."

அழகாகப் பார்த்தானாம்! நான் குந்தியிருந்த சேற்றில் இவன் அழகாகப் பார்த்தானாம்.

மேடையில் வைத்தே கேட்கப் போகிறேன் என்றேன். என் மனுசன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சேரும், போன் பண்ணிக் கேட்டால் அவன் சொறி சொல்லிப் போட்டு விட்டிடுவான். ஏன் சபையில வைச்சு?" என்றார்.

"அவன் பொன்னாடை வாங்கப் போறது சபையில வைச்சுத்தானே?"

நான் வேறு ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமை, பதினாலு நாளும், கறுவிக்கொண்டு திரிந்தேன். கடையில் கண்ணாடி துடைக்கும்போதெல்லாம் உரையை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் தண்ணீர் குடிப்பது என்பது வரை தீர்மானித்து வைத்தேன். பழைய படங்களைத் தேடி எடுத்துப் பென் டிரைவில் போட்டேன். அவ்வளவு கவனமாக நான் எந்தக் காரியத்தையும் செய்ததில்லை.

விழா ஞாயிறு பின்னேரம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். மூன்று மணிக்கு என்று போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்களின் மூன்று மணி என்பதால் நாலரைக்குத்தான் விளக்கேற்றினார்கள். அதுவரை சனம் வாசலில் புத்தகத்தை வாங்கி, வடையைக் கடித்துக்கொண்டு கதிரைகளில் இருந்து புரட்டிக்கொண்டிருந்தது.

அவன் என்னைத் தேடி வந்தான். நல்ல முகம், சிரித்த முகம். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது.

"அக்கா, நீங்கதான் பேசப் போறீங்களாமே? ரொம்ப சந்தோஷம்க்கா. எனக்கு உங்க ஊர்த் தமிழ்னா அவ்வளவு பிடிக்கும்."

"தெரியும் தம்பி. வாசிச்சனான்" என்றேன்.

பொன்னாடை போர்த்திய பிறகுதான் என் முறை வருமாறு அண்ணையிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். அது அவன் தோளில் ஏறிய பிறகு எழுந்தேன். முதல் மூன்று நிமிடம் புகழ்ந்தேன். நல்ல தாள், நல்ல அச்சு, நல்ல படங்கள் என்றேன். அவன் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தான். பிறகு சபையைப் பார்த்துக் கேட்டேன்.

"ஊரில ஒராளை ஆறுதலா வாங்கோ எண்டு சொன்னால், என்ன கருத்து?"

"மெதுவா வரச் சொல்லுறது!" என்று பின்வரிசையில் இருந்து நாலைந்து குரல் வந்தது.

புத்தகத்தை விரித்து நாரையை வாசித்தேன். சிரிப்பு எழும்பியது. "இந்த நாரைக்கு ஆறுதல் சொல்லுறதுதான் தொழிலாம்" என்றேன். அந்தரம், வடிவு என்ற சொற்களையும் அப்படியே சபையிடம் கேட்டுவிட்டு வாசித்தேன். அந்தரத்துக்கு மண்டபமே குலுங்கியது. "அழகாகப் பார்த்தேன்" என்றபோது ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவன் இன்னும் விளங்காமல் கூடச் சேர்ந்து சிரித்தான். அதுதான் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம். இன்றைக்கும் கடையில் வேலை இல்லாத நேரத்தில் அதை நினைத்துப் பார்ப்பேன்.

பிறகு திரையில் என் வலைப்பூவைக் காட்டினேன். வெட்டாத மீன்கொத்திப் படத்தைக் காட்டினேன். அது இருந்த கொப்பு, சிவப்பு நூல், மூலையில் பெயர். அடுத்த படத்தில் நூல் என் உள்ளங்கையில் கிடந்தது.

"இதை அவிழ்த்த கை இந்தக் கைதான்" என்று தூக்கிக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் எழுந்தான். "அக்கா, நெட்ல கிடந்துச்சு. உண்மையான பேர் இல்ல... யாரோ எழுதினதுன்னு நெனச்சேன்."

"அந்த யாரோ நான்தான்."

அவன் பொன்னாடையைத் தானே கழற்றி, மடித்து, கதிரையில் வைத்தான். பாவம் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. இனித்தது. அண்ணை மட்டும் என் காதருகே வந்து, "தங்கச்சி, முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருந்தால் விழா நடந்திருக்காதே என்றேன்.

சனம் என்னைச் சூழ்ந்துகொண்டது. கை கொடுத்தார்கள், சேர்ந்து படம் எடுத்தார்கள். புத்தகத்தில் அவன் பெயரை வெட்டிவிட்டு என் பெயரை எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதினேன், ஒவ்வொன்றிலும் அவன் பெயருக்கு மேல் இரண்டு கோடு ஆழமாக இழுத்து.

கூட்டம் குறைந்த பிறகு ஒரு வயதானவர் வந்தார். லண்டனின் மறுகோடியில், குரோய்டனில் இருந்து வந்தவராம். கையில் புத்தகம், ஒரு பக்கத்துக்குள் விரலை விட்டு வைத்திருந்தார்.

"பிள்ளை, இது உங்கடை எழுத்தாமே. நான் உங்கடை பேச்சு முழுக்கக் கேக்கேல்லை. தொடங்க முதலே வெளியில போயிட்டன்."

"பரவாயில்லை ஐயா."

"இஞ்சை இருந்து வாசிச்சுக்கொண்டிருந்தனான். இந்த இடம் வர இருக்க ஏலாமல் போச்சு. போய்க் காருக்குள்ள இருந்து அழுதிட்டு, நீங்கள் படம் காட்டேக்குள்ளதான் திரும்பி வந்தனான்." விரலை எடுத்துப் பக்கத்தைக் காட்டினார். "மனிசி கண்ணை மூடி மூண்டு மாசம். எல்லாரும் வந்து என்னென்னவோ சொல்லிச்சினம். ஒண்டும் உள்ளுக்கை இறங்கேல்லை. இந்த ஒரு வரிதான் இறங்கிச்சு."

குனிந்து பார்த்தேன். நாரை தண்ணீருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே நடந்து வந்தது.

அதற்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். புரட்டிப் பார்த்தேன், என் பதினொரு கட்டுரையிலும் வேறெங்கும் கோடு இல்லை.

"எப்பிடிப் பிள்ளை இப்பிடி ஒரு வரி எழுத வந்தது?" என்று கேட்டுவிட்டு, பேனையை நீட்டினார். "இதுக்குக் கீழை உங்கடை கையெழுத்து ஒண்டு வேணும்."

மேடையின் கீழே அவன் விற்காத புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். பெரியவர் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது. கையில் இரண்டு புத்தகத்தோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தால் அந்த வரி அவனுக்குப் போய்விடும். அந்த ஒரு வரிதான் அவனிடம் மிச்சம். இரண்டு கிழமை கறுவி, இவ்வளவு செய்து, அவனுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் பேனையை வாங்கி, அந்த வரிக்குக் கீழே என் சொந்தப் பெயரை எழுதிக் கொடுத்தேன்.