மூன்றாம் நாள் விதைத்த ஆவாரை

1987-இல் மழை பொய்த்தது. செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில் பணக்காரர்கள் சிலர் கூடி நடத்திய அறக்கட்டளைக்கு ஒரு நாற்றுப் பண்ணை இருந்தது. மொட்டையாகிப் போன மலைச்சரிவில் ஆவாரை வளர்ப்பது திட்டம். ஆவாரை தண்ணீர் கேட்காது, ஆடு கடிக்காது, பாறை இடுக்கிலும் மஞ்சளாகப் பூக்கும். பன்னிரண்டு பாத்திகளில் விதை போட்டு இருபத்தைந்து நாள் தண்ணீர் தெளித்தும் ஒரு முளை எட்டிப் பார்க்கவில்லை.

மேஸ்திரி சங்கிலிப்பாண்டிக்குக் காரணம் கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆகவில்லை.

"எவளோ தூரமான நேரத்துல பாத்தியில கால வச்சிருக்கா. எவள்னு எனக்குத் தெரியும்" என்று வெள்ளத்தாயைப் பார்த்தான்.

அவள் செட்டியார்பட்டிக்காரி. புருஷன் செத்தபின் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கூலியில்தான் உலை வைத்தாள். மாதவிடாய் வந்தவள் பாத்தியை மிதித்தால் விதை கருகும் என்பது அங்கே எழுதாத சட்டம். மூன்று நாள் வராதவளின் பெயரை மஸ்டர் என்கிற கூலிப் பதிவேட்டிலிருந்து அடிப்பது எழுதிய சட்டம். இரண்டையும் போட்டவர்கள் ஆண்கள். ஆகவே பெண்கள் அதைப் பற்றி மூச்சுவிடாமல் வந்து வேலை செய்தார்கள். வெள்ளத்தாய் மட்டும் கேட்டவர்களிடம் மறைக்கவில்லை. அதுதான் அவள் செய்த குற்றம்.

"வெதத் தோலு கல்லு மாதிரி இருக்கு. தண்ணி உள்ள எறங்கல. அதுக்கு எம்மேல ஏன் பழி?"

"ஏட்டி, எனக்கே பாடம் எடுக்கியா? நாளைக்கு வராத."

அவள் நேரே மேனேஜர் வைகுண்டராஜிடம் போனாள். படித்த மனுஷர்தான்.

"எதுக்கும்மா வம்பு? அந்த மூணு நாள் ஒதுங்கி இருந்தா என்ன?"

"அந்த மூணு நாளும் எம் பேர அடிக்காம இருப்பீகளா சார்?"

அவர் பேனாவைத் திருகினார்.

"ஒரு பாத்தி குடுங்க. மொளைக்கலன்னா நானே போயிருதேன்."

அவர் ஒரு பாத்தியை ஒதுக்கிக் கொடுத்தார். ஆடு மேய்த்த காலத்தில் அவள் கண்டது ஒன்று உண்டு. காட்டோடையில் வெள்ளம் உருட்டிய சரளைக்கு நடுவேதான் ஆவாரை அடர்த்தியாக முளைக்கும். விதையைப் பருமணலில் போட்டுத் தோல் கீறும்வரை தேய்த்தாள். கொதித்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தாள். மறுநாள் பாத்தியில் இறங்குமுன் நிமிர்ந்து சொன்னாள்:

"இன்னைக்கு எனக்கு மூணாம் நாள். எல்லாரும் பாத்துக்கிடுங்க."

சங்கிலிப்பாண்டி காறித் துப்பினான். பண்ணைக்கே தீட்டு என்று அன்று மாலையே ஒரு சேவலை அறுத்தான்.

ஒன்பதாம் நாள் அவள் பாத்தி பச்சையாக நின்றது. மற்ற பதினொன்றும் வெறும் மண்.

"சேவல் அறுத்தேன்ல, அதான்" என்றான்.

பக்கத்தில் பை நிரப்பிக்கொண்டிருந்த ஜெயபாய் தலை நிமிராமல் கேட்டாள்: "பதினோரு பாத்திய விட்டுட்டு இவ பாத்திக்கு மட்டுமா அண்ணே அந்தச் சேவல் வந்துச்சு?"

பெண்கள் சிரித்தார்கள். அவன் முகம் கறுத்தது. "தீட்டுச் செடி, பிடுங்கி எறியணும்" என்று குனிந்தான். மேனேஜர் ஓடிவந்து கையைப் பிடித்தார். மாதக் கடைசியில் அறக்கட்டளைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். காட்ட வேறு செடி இல்லை. தீட்டைச் செடியில் பொறுத்துக்கொண்டவர்களால் செடி வளர்த்தவளைப் பொறுக்க முடியவில்லை. வழிதான் தெரிந்துவிட்டதே, இனி அவள் எதற்கு என்றான் மேஸ்திரி. மேனேஜரும் பெயரை அடித்தார்.

மணலில் தேய்ப்பது பொம்பளை வேலை என்று மேஸ்திரி அதை விட்டுவிட்டான். விதையை அண்டாவில் போட்டு அடுப்பிலேயே கொதிக்கவைத்தான். அரை மூட்டை விதை அவிந்து, பயறு மாதிரி நசுங்கியது.

மேனேஜர் அனுப்பிய ஆள் போய் வெள்ளத்தாயைக் கூட்டிவந்தான். அவள் பண்ணைக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா" என்றார் மேனேஜர்.

"மொதல்ல பேர எழுதுங்க. ஒதுங்கச் சொல்ல மாட்டோம்னு இவுக எல்லாத்துக்கும் முன்னால சொல்லுங்க. பொறவு வாரேன்."

சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். "பின்னால இருக்கிறவளுக்குக் கேக்கல சார்" என்றாள் வெள்ளத்தாய். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார்.

1996 வரை அவள் அங்கே வேலை பார்த்தாள். கடைசிவரை அவளை நிரந்தரம் ஆக்கவில்லை. சங்கிலிப்பாண்டி அந்த ஒன்பது வருஷமும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் விடவில்லை. மாதாமாதம், அவன் காதில் விழும்படி இன்று எத்தனையாம் நாள் என்று சொல்லிவிட்டுத்தான் பாத்தியில் இறங்கினாள்.