பழைய பின்னின் ஒரு கால்

இசக்கிமுத்துவை எல்லோரும் கேலி செய்திருக்கிறோம். நான் கொஞ்சம் அதிகமாகவே செய்தேன். பல்லடத்துக்குத் தெற்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு ஆபீஸ் வேலை. அவர் இன்ஜினியருக்கு உதவியாள். அதற்கு முன் முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் எட்டு வருஷம் ஊசி நோட்டு எழுதியவர். அங்கே தையல் ஊசி உடைந்தால், துண்டு அத்தனையையும் தேடிப்பிடித்து நோட்டில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி கிடைக்கும்.

அந்தப் பழக்கத்தை மனுஷன் விமானத்துக்கும் கொண்டுவந்தார். சக்கரத்தைக் கழற்றி கிரீஸ் வைக்கும்போதெல்லாம், நட்டு கழலாமல் குறுக்கே மாட்டியிருக்கும் இரண்டு கால் பின்னை எடுத்துவிட்டுப் புதுசு போடுவோம். பழசு குப்பைக்குப் போகும். இவர் அதை ஒட்டிவைத்து, தேதியும் எந்தச் சக்கரம் என்பதும் எழுதுவார். “பிளேனுக்கு ஜாதகம் எழுதறாருங்க” என்று ஆரம்பித்துவைத்தவன் நான்தான்.

2007-ல் ஒரு திங்கட்கிழமை. எட்டு மணிக்கு மாணவி தேஜஸ்ரீ முதன்முறையாகத் தனியாகப் பறக்க வேண்டும். ஆறரைக்கு பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த அனுசுயா, புருஷன் இசக்கிமுத்துவிடம் அலுத்துக்கொண்டாள்: “ஊசி ஒடஞ்சு மொனையக் காணோம்னு அரைமணி நேரம் லைனையே நிப்பாட்டிட்டாவ.”

அதைக் கேட்டதும்தான் அவருக்கு நினைவு வந்தது. சனிக்கிழமை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒட்டிய மூன்று பின்களில் இடது சக்கரத்துப் பின்னுக்கு ஒரு கால்தான் இருந்தது. கண் பார்த்தது, கை ஒட்டிவிட்டது, புத்தி எங்கேயோ இருந்தது. காணாமல்போன கால் அந்தச் சக்கரத்துக்குள்ளேயே கிடக்கலாம், தேஜஸ்ரீ ஏறப்போவதும் அதே விமானம். இன்ஜினியர் தனபாலுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. எனக்குப் போட்டார், நான் குளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மொபெட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார். முன்னால் லாரி, பின்னால் லாரி. வண்டி நாற்பதைத் தாண்டவில்லை. விமானம் இறங்குகிற நிமிஷமே கண்ணில் நின்றதாம்: தரையைத் தொட்ட சக்கரம் உருளாமல் இறுகி, விமானம் ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டு புரள்கிறது.

தேஜஸ்ரீ பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “ஸ்டார்ட் பண்ணாதிய!” என்று கத்திக்கொண்டே மொபெட்டைக் கீழே போட்டு ஓடிவந்தார்.

விஷயத்தைக் கேட்ட தனபால் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். “ஏனுங்க இசக்கி, புதுப் பின்னு நல்லாத்தானுங்களே இருக்குது?”

“புதுசு இருக்கு சார். பழசுல ஒரு காலக் காணோம். நாந்தான் பாக்காம ஒட்டிட்டேன். சக்கரத்தக் கழத்திப் பாருங்க, பொறவு என்னய வேலைய விட்டு அனுப்புங்க.”

தேஜஸ்ரீ இறங்கி, ஆத்திரத்தில் அழுதாள். எனக்கும் எரிச்சல்தான். சக்கரத்தைக் கழற்றி பேரிங்கை வழித்தபோது, கிரீஸோடு நகக்கண் அளவு கம்பித் துண்டு ஒன்று வந்தது. இரண்டு உருளைகளில் ஆழமான கீறல்.

இசக்கிமுத்து துண்டைத் துடைத்து, சனிக்கிழமைப் பக்கத்தில் ஒட்டி, ‘என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சனிக்கிழமைச் சோதனைக்குக் கையெழுத்திட்டிருந்த தனபால் பேனாவை வாங்கி, அதற்குக் கீழே தானும் போட்டார். வேலையை விட்டு அனுப்புகிற பேச்சே எழவில்லை.

புது பேரிங் வந்து மாட்ட வியாழக்கிழமை ஆயிற்று. அன்று தேஜஸ்ரீ முதலில் விமானத்துக்குப் போகவில்லை. நேராக இசக்கிமுத்துவிடம் வந்தாள்.

“அண்ணா, நோட்டக் காட்டுங்க.”

காட்டினார். திங்கட்கிழமை கழற்றிய பின்னின் இரண்டு காலையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். அவள் இறங்கி வந்து நிற்கும்வரை இசக்கிமுத்து உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை.