கரடி உடைக்காத கதவு

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. ஒரு சமையலறைக் கதவை உடைத்த பிறகு அந்தப் பெருமை போயிற்று. உடைத்ததற்காகக்கூட நான் அவ்வளவு வெட்கப்படவில்லை. உடைத்துவிட்டுப் பழியைத் தூக்கிக் கரடியின் மேல் போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் தனியாக உட்கார்ந்திருக்கும்போதே முகம் சூடாகிறது.

அப்போது நான் குன்னூரில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கிளெய்ம் பிரிவில் இருந்தேன். யாருடைய கடையாவது எரிந்தால், சுவர் சரிந்தால், போய்ப் பார்த்து, அவர் சொல்வது நிஜமா கப்சாவா என்று எழுதிக்கொடுக்க வேண்டும். கப்சாவை மோப்பம் பிடிப்பதில் நான் பெரிய ஆள் என்று எனக்கு நினைப்பு. மழையில் சுவர் இடிந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய ஜீப்பின் பின்பக்கத்தில் அதே சுவரின் காவி ஒட்டியிருந்தது. அந்தக் கதையை அலுவலகத்தில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அந்த மனிதர் எவ்வளவு கூசியிருப்பார் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

நான் வாடகைக்கு இருந்தது கோத்தகிரி சாலையில், தேயிலைச் சரிவை ஒட்டிய ஒரு பழைய வீடு. வீட்டுக்காரம்மாவின் கணவர் டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் வாங்கிய வீடு அது. அவர் காலமான பிறகு அம்மா பின்னால் இருந்த ஒற்றை அறைக்கு மாறிக்கொண்டு முன் வீட்டை வாடகைக்கு விட்டார். பிள்ளைகள் கிடையாது. அந்த வாடகையில்தான் அவருக்கு அடுப்பு எரிந்தது. இது எனக்கு முதல் நாளே தெரியும், ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அந்தச் சரிவில் எழுதப்படும் வாடகை ஒப்பந்தங்களில் சமவெளிக்காரர்கள் பார்த்திராத ஒரு வரி இருக்கும். குடியிருப்பவர் கையால் வரும் சேதம் குடியிருப்பவரைச் சேரும், காட்டு மிருகத்தால் வரும் சேதம் வீட்டுக்காரரைச் சேரும். காட்டெருமை வேலியை முட்டித் தள்ளும். குரங்கு கூரையைப் பிரிக்கும். கரடி எண்ணெய் வாசத்துக்குச் சமையலறைக் கதவையே பெயர்த்துவிடும். "அது வந்து ஒடச்சா அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி? அது எம் பொறுப்புங்க" என்று கையெழுத்துப் போடும்போதே அம்மா சொன்னார்.

சமையலறைப் பின்கதவு கனத்த பழைய மரம். ஜூன் மாதம் பிறந்தால் ஈரத்தில் உப்பிக்கொள்ளும். நான் குடி வந்த புதிதில் அம்மா அதன் முன்னால் நின்று பாடம் நடத்தினார். "மழைக்காலத்துல ஓங்கிச் சாத்தாதீங்க. மாட்டிக்கிச்சுன்னா கைப்பிடிய மேல தூக்கிப் புடிச்சு, கீழ முழங்காலால ஒரு தள்ளு தள்ளுங்க. தொறந்துக்கும்." நான் சிரித்துக்கொண்டே, "கதவு தொறக்கறதுக்கும் ட்ரெய்னிங் எடுக்கணுமாம்மா?" என்றேன். அவரும் சிரித்தார்.

ஒரு ஜூலை மாதக் காலை. வெந்நீர் பாய்லருக்கு விறகு எடுக்க லுங்கியும் பனியனுமாகப் பின்பக்கம் வந்தேன். காற்று கதவை அறைந்து சாத்திவிட்டது. முன்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. போன் உள்ளே. கோயம்புத்தூரிலிருந்து பெரிய அதிகாரி வரும் நாள் என்பதால் ஒன்பது மணிக்கு நான் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். மழை முதுகில் கொட்டியது. தள்ளினேன், தோளால் இடித்தேன், உதைத்தேன், கால் விரல் பெயர்ந்ததுதான் மிச்சம். கைப்பிடியை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. அந்த மரக்கட்டைக்குப் போய் நான் பணிந்து போவதா என்று இருந்தது. விறகுக் கொட்டகையில் கடப்பாரை இருந்தது. நாலே போடு. நடுப்பலகை இரண்டாகப் பிளந்து, கீல் பக்கம் நிலையும் விட்டுப்போயிற்று.

ஆத்திரம் தீர்ந்த பிறகுதான் குளிர் உறைத்தது. எங்கள் அலுவலகத்திலேயே நான் வாடகைக்காரருக்கான பாலிசி ஒன்று எடுத்திருந்தேன். தவறுதலாக வீட்டுக்கு ஏதாவது சேதம் செய்துவிட்டால் அதில் பணம் கிடைக்கும். கடப்பாரையால் உடைத்தால் கிடைக்காது. வேண்டுமென்றே செய்த சேதத்துக்கு இடமில்லை என்ற அந்த வரியை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டியே பழகியவன் நான். ஆனால் பணம்கூட இரண்டாம் பட்சம்தான். அம்மா ரேஷன் பையோடு வந்து நின்று, "நாந்தான் சொன்னேனுங்களே தம்பி" என்று சொல்வாரே, அதை என்னால் கேட்டிருக்க முடியாது.

முந்தின வாரம் கீழே தேயிலைக்குள் ஒரு கரடியைப் பார்த்ததாக ஊரில் பேச்சு இருந்தது. அதன் பிறகு நான் செய்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். கடப்பாரையைக் கழுவி இருந்த இடத்தில் வைத்தேன். எண்ணெய் டின்னைக் கவிழ்த்தேன். பூந்தொட்டியில் மண் கிளறும் கைக்கருவி ஒன்று கிடந்தது, அதற்கு மூன்று பல். கரடிக்கு ஐந்து நகம் என்பது எனக்குத் தெரியும். மூன்று கோடு இழுத்து, பக்கத்தில் இரண்டு பல்லை மட்டும் அழுத்தி இன்னும் இரண்டு கோடு இழுத்தேன். தள்ளி நின்று பார்த்துவிட்டு, ஒரு கோடு ஆழம் போதவில்லை என்று திரும்பவும் வந்து இழுத்தேன்.

அம்மா வந்ததும், கரடி வந்து உடைத்துவிட்டது என்றேன். அவர் பையைக் கீழே போட்டுவிட்டு என் கையைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" பெயர்ந்திருந்த கால் விரலைப் பார்த்து, நான் பயந்து ஓடியதில் பட்ட அடி என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். மஞ்சள் பற்றுப் போட்டார். நான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. முனையில் டீக்கடை வைத்திருந்தவர் கதவைப் பல கோணத்தில் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். மத்தியானம் வனக்காவலர் வந்தார். கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார், வெளியே போய் மண்ணைப் பார்த்தார். "கால் தடம் ஒண்ணையும் காணமே" என்று என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "இந்த மழையில தடம் எங்கீங்க நிக்கும்? தம்பி இன்ஷூரன்ஸ் ஆபீசருங்க. இவுங்க பொய் சொல்ற ஆளு இல்லீங்க." காவலர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா தன் செலவில் தகரம் அடித்த கதவும் குறுக்கே போட ஒரு இரும்புக் கம்பியும் வைத்துக்கொடுத்தார். வேலை முடிய நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் அவருடைய அறையிலிருந்து எனக்குச் சாப்பாடு வந்தது. ஒவ்வொரு வேளையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தட்டின் முன் உட்காருவேன். முதல் நாள் சொல்லியிருந்தால் அது கோபத்தில் செய்த தப்பு. நாலாம் நாள் சொன்னால் என்னை என்னவென்று சொல்வார்கள்? இப்படி எண்ணி எண்ணியே மூன்று மாதம் ஓட்டினேன். கூடலூருக்கு மாற்றல் வந்தது. வீட்டைக் காலி செய்தபோது அம்மா அட்வான்ஸை முழுசாகக் கையில் கொடுத்து, "எங்க ஊட்டுல உங்களால நிம்மதியா இருக்க முடியலீங்க" என்று வருத்தப்பட்டார். நான் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து, போன வருடம், ஒரு பயிற்சிக்காகக் குன்னூர் போனேன். கோத்தகிரி பஸ்ஸில் போகும்போது அந்த வீட்டு கேட்டில் வாடகைக்கு விடப்படும் என்ற பலகை தொங்குவதைப் பார்த்தேன். மழையில் எழுத்து வெளுத்துப்போயிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி டீக்கடைக்கு நடந்தேன். கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "நீங்க போனதுக்கப்புறம் ஆரும் குடி வரலீங்க சார். மூணு குடும்பம் வந்து பாத்தாங்க. கரடி பூந்த ஊடுன்னு கேட்டதும் போயிட்டாங்க. கொழந்தை குட்டி வச்சிருக்கறவங்க எப்பிடிங்க வருவாங்க?" என்றார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "மேல ஒரு ஹோம்ஸ்டேல பாத்திரம் கழுவப் போறாங்க. இந்த வயசுல, இந்தத் தண்ணியில" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். இளைத்திருந்தார். கை விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. "வாங்க தம்பி" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று பயம். நின்றபடியே சொன்னேன்.

"கரடியே வரலீங்களா?" என்றார்.

"இல்லீங்கம்மா. கடப்பாரையில நாந்தான் உடைச்சேன்."

"அந்த நகம் கீறுனது?"

"அதும் நாந்தாம்மா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? போயி ஊருச் சனங்ககிட்டச் சொல்லுங்க. நாஞ் சொன்னா, ஊட்ட வாடகைக்கு உடறதுக்குக் கதை கட்டறேன்னு சொல்லுவாங்க. நீங்க சொன்னாத்தான் ஆகும்" என்றார்.

திரும்பக் கடைக்குப் போனேன். நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் கேட்கும்படி ஆதியோடந்தமாகச் சொன்னேன். மூன்று பல், இரண்டு பல் கணக்குவரை சொன்னேன். சொல்லும்போது என் காது இரண்டும் எரிந்தது. முடித்ததும் ஒருவர் சிரித்தார், இன்னொருவர் தலையைக் குனிந்துகொண்டார். கடைக்காரர் போனை எடுத்து, குரூப்பில் இன்னும் கிடந்த அந்தப் பழைய படத்தை விரித்துக் காட்டினார். "இதப் பாருங்க சார். மனுசன் பண்ற வேலைங்களா இது?" அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தேன்.

"சத்தியமா நாந்தான்" என்றேன். அவர் கல்லாவை விட்டு வெளியே வந்து என் தோளைத் தொட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "புரியுதுங்க சார். அந்தம்மா படற பாட்டப் பாத்துட்டுச் சொல்றீங்க. வாடகைக்கு இருந்த ஊட்டுக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்க இந்தக் காலத்துல ஆருங்க வருவாங்க? நல்ல மனசு உங்களுக்கு" என்றார். முன்பு குடித்த பாதி டீக்குக் காசு நீட்டினேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பக்கத்து வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும் இதே கதைதான். ஒரு வீட்டு அம்மாள், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று என்னை வாழ்த்த வேறு செய்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக யாரும் என்னைச் செருப்பால் அடித்ததில்லை.

திரும்பி வந்தபோது மணி ஐந்து இருக்கும். மூடுபனி சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா வாசலிலேயே நின்றார். "நம்புனாங்களா?" என்றார்.

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "இல்லீங்கம்மா" என்றேன்.

அவர் தலையசைத்தார். கதவுக்கும் கம்பிக்கும் ஆன செலவை நான் கொடுத்தபோது மறுக்காமல் வாங்கிக்கொண்டார். பிறகு மூடுபனியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க சொல்றத நா நம்பறேங்க தம்பி. ஆனாலும் ரெண்டு வருசமாப் பயந்து பழகிருச்சு. நீங்க கெளம்புங்க, நாங் கதவச் சாத்தோணும்" என்று உள்ளே போய்விட்டார்.

கதவு சாத்திக்கொண்டது. தன் அறைக்கும் ஒரு இரும்புக் கம்பி வாங்கி வைத்திருக்கிறார் என்பது, அது உள்ளே குறுக்கே விழுந்த சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது.